செல் கோட்பாடு: மூன்றாவது வரியில்தான் சண்டை

செல் கோட்பாட்டை மூன்று வரியில் எழுதிவிடலாம். உயிருள்ளவை எல்லாம் ஒரு செல்லாலோ பல செல்களாலோ ஆனவை. உயிரின் அமைப்புக்கும் செயல்பாட்டுக்கும் அடிப்படை அலகு செல். எந்தச் செல்லும் ஏற்கெனவே இருந்த இன்னொரு செல்லிலிருந்துதான் வரும். பள்ளியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்து முடித்திருப்போம். கூடவே மூன்று பெயர்கள்: ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோவ். ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. முதல் இரண்டு வரிகளுக்குச் சொந்தக்காரர்கள் மூன்றாவது விஷயத்தில் தலைகீழாகத் தவறியவர்கள். மூன்றாவதைக் கண்ணால் பார்த்து, வருடக்கணக்கில் ஆதாரம் சேர்த்தவருடைய பெயரோ பெரும்பாலான பாடநூல்களில் கிடையாது. இந்தச் சண்டையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மூன்று வரிகளுக்கு எவ்வளவு கனம் என்பது புரியும். முதலில் தக்கையிலிருந்து தொடங்குவோம்.

ஹூக் அறுத்த தக்கை

1665-இல் லண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற பெரிய படப் புத்தகத்தை வெளியிட்டார். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் உறுப்பினர்கள் முன்னால் சோதனைகளைச் செய்துகாட்டுவது அவருடைய வேலை. தெள்ளுப்பூச்சி, பேன், ஈயின் கண், ஊசியின் முனை, பூஞ்சணம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் நுண்ணோக்கியின் கீழ் வைத்து வரைந்திருந்தார். அந்தக் காலத்து லண்டன்வாசி சாமுவேல் பெப்பிஸ் அதை வாங்கிவந்து இரவு இரண்டு மணிவரை புரட்டிக்கொண்டிருந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதில் பதினெட்டாவது பகுதி தக்கையைப் பற்றியது. உயிர் எதனால் ஆனது என்று தேடி ஹூக் அங்கே போகவில்லை. தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, அமுக்கினால் ஏன் மறுபடி எழும்புகிறது என்பவைதான் அவருடைய கேள்விகள். பேனாக் கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டி, முதலில் ஒரு துண்டை வெட்டி எறிந்து பரப்பை வழவழப்பாக்கினார். நுண்ணோக்கியில் அந்தப் பரப்பு பொத்தல் பொத்தலாகத் தெரிகிற மாதிரி இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அதே பரப்பிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். தக்கை வெளிர் நிறம் என்பதால் அதைக் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருந்த கண்ணாடியால் வெளிச்சத்தை அதன்மேல் குவித்தார். இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. தேனடை மாதிரி, ஆனால் அவ்வளவு ஒழுங்கில்லாமல், வெற்று அறைகள் வரிசை வரிசையாக இருந்தன. அந்த அறைகளுக்குத்தான் அவர் 'செல்' என்று பெயர் வைத்தார்.

ஹூக்குக்கு எண்ணிக்கையில் பித்து. ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகள் இருந்தன. அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1,080. ஒரு சதுர அங்குலத்துக்கு 11,66,400. ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். கண்ணால் பார்த்திருக்காவிட்டால் தன்னாலேயே இதை நம்ப முடியாது என்கிற தொனியில் எழுதினார். அவருடைய மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது: காற்றை அடைத்துவைத்த கோடிக்கணக்கான குட்டி அறைகள்தான் தக்கை.

அவர் பார்த்தது செத்துப்போன மரப்பட்டையின் சுவர்களை மட்டும்தான். பச்சைச் செடிகளின் தண்டுகளையும் பிறகு அறுத்துப் பார்த்தார். அங்கே அறைகளில் சாறு இருந்ததையும் குறித்திருக்கிறார். சாறு ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இருக்க வேண்டுமே என்று தேடினார், அகப்படவில்லை. அந்த அறைதான் உயிரின் அலகு என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை, வருவதற்கான காரணமும் அப்போது இல்லை. 'செல்லைக் கண்டுபிடித்தவர் ஹூக்' என்று எழுதுவதைவிட 'செல்லுக்குப் பெயர் வைத்தவர் ஹூக்' என்று எழுதுவது நியாயம்.

உயிரோடு அசைகிற செல்களைப் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவென்ஹோக். அவர் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றைக் கண்ணாடி நுண்ணோக்கிகளில், இன்று மிஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கும். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய ஆசைப்பட்டு, மிளகைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு அந்த நீரைப் பார்த்தார். காரத்தின் ரகசியம் கிடைக்கவில்லை. கூட்டங்கூட்டமாக நீந்தும் நுண்ணுயிர்கள் கிடைத்தன. 1676 அக்டோபரில் அவர் எழுதிய கடிதத்தை லண்டனில் பலர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு ஹூக்கே மிளகுத் தண்ணீர் தயாரித்து, ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அந்த உயிரிகளைக் காட்டிய பிறகுதான் வாய்கள் மூடின.

நூற்றைம்பது வருடம் ஏன் தாமதம்?

இதற்குப் பிறகு கோட்பாடு உருவாகச் சுமார் 160 ஆண்டுகள் பிடித்தன. ஆட்களுக்குப் பஞ்சமில்லை, மால்பிகியும் நெஹெமியா குரூவும் 1670களிலேயே செடிகளின் உள்ளமைப்பைப் பக்கம் பக்கமாக வரைந்துவிட்டார்கள். தடையாக நின்றது கண்ணாடி. பல வில்லைகளைச் சேர்த்துக் கட்டிய நுண்ணோக்கியில் ஒவ்வொரு நிற ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவியும். பொருளின் ஓரமெல்லாம் வானவில் பூசிக்கொண்டு மங்கும். செடி செல்லுக்குத் தடித்த சுவர் இருப்பதால் அது எப்படியோ தப்பித்துத் தெரிந்தது. விலங்குத் திசுவில் சுவர் கிடையாது. தசை, நரம்பு, கொழுப்பு எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரிச் சின்ன உருண்டைகளாகத் தெரிந்தது. அந்த உருண்டைகளில் பலவும் கண்ணாடியின் கோளாறு. அது புரியாமல் 1820களில் 'உடம்பு முழுக்க உருண்டைகளால் ஆனது' என்று கூடச் சிலர் எழுதினார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்த்ததில் பெரிய பங்கு ஜோசப் ஜாக்சன் லிஸ்டருக்கு. லண்டன் ஒயின் வியாபாரி. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் அப்பா. நிறமும் பிசிறும் ஒருசேரக் குறையும்படி வில்லைகளை எப்படி அடுக்குவது என்பதை 1830-இல் வெளியிட்டார். லீவென்ஹோக் துணிக்காரர், லிஸ்டர் ஒயின்காரர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள்தான் இந்தத் துறைக்குக் கண் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடமே, 1831-இல், தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் இலைகளின் மேல்தோலில் செல்லுக்கு ஒரு வட்டப் புள்ளி வீதம் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். அதற்கு முன்பும் சிலர் அதைப் பார்த்ததுண்டு. ஆனால் அது பலவகைச் செல்களிலும் காணப்படும் பொது உறுப்பு என்று சொல்லிப் பெயரும் வைத்தவர் பிரவுன். அதுதான் உட்கரு.

இங்கே கொஞ்சம் நின்று வெங்காயத்தை எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆய்வகத்தில் செய்ததுதான். சதைப்பற்றான இதழின் உட்புறத்திலிருந்து, கண்ணாடி மாதிரி உரிந்துவரும் மெல்லிய தோலை எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரித்து, சாஃப்ரனின் சாயம் போட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். சாய்க்காமல் தொப்பென்று வைத்தால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிகிற அதைச் செல் என்று வரைந்து வைக்கிற மாணவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது உண்டு. சரியாகச் செய்தால் நீள நீளமான பெட்டிகள் செங்கல் கட்டுமானத்தில் அடுக்கியிருக்கும். இவ்வளவுதான் ஹூக் பார்த்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஓரமாக ஒதுங்கியபடி சிவப்பேறிய ஒரு புள்ளி. அது பிரவுன் பார்த்தது. செல்லின் நடுவை நீர் நிரம்பிய வெற்றிடப்பை அடைத்துக்கொள்வதால்தான் அந்தப் புள்ளி சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆக அந்த ஒரு ஸ்லைடில் 1665-ம் இருக்கிறது, 1831-ம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் ஒரு புள்ளி

மத்தியாஸ் ஷ்லைடன் ஹாம்பர்க்கில் வக்கீலாக இருந்தவர். தொழில் ஓடவில்லை, மனச்சோர்வில் நெற்றியில் சுட்டுக்கொண்டார், பிழைத்தார், சட்டத்தை விட்டுவிட்டுத் தாவரவியலுக்கு வந்தார். வாயடக்கம் இல்லாதவர், எதிராளியின் கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டுவதில் பெயர் போனவர். தியோடர் ஷ்வான் நேரெதிர். பக்திமான், கூச்ச சுபாவி, சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார். பெர்லினில் உடலியல் பேராசிரியர் யோகானஸ் முல்லரின் உதவியாளராக இருந்தபோது, இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினைக் கண்டறிந்திருந்தார்.

இருவரும் ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செடி செல் உருவாவதில் உட்கருவுக்கு எவ்வளவு முக்கியப் பங்கு என்று ஷ்லைடன் சொல்லிக்கொண்டே போனார். ஷ்வானுக்குச் சட்டென்று நினைவு வந்தது: தலைப்பிரட்டையின் முதுகுநாணில் இதே போன்ற புள்ளியை அவர் பார்த்திருக்கிறார். உடனே எழுந்து இருவரும் ஷ்வானின் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஷ்லைடன் பார்த்தார், அதே உட்கருதான் என்றார். பல வருடம் கழித்து ஷ்வானே சொன்ன கதை இது.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அதுவரை செடியும் விலங்கும் வேறு வேறு சாதி. செடிக்கு அறைகள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். விலங்குக்கு அப்படி ஒரு பொது அமைப்பு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. சுவர் இல்லாத இடத்தில் செல்லை எப்படி அடையாளம் காண்பது? உட்கருவைத் தேடு, அது இருந்தால் அதைச் சுற்றி ஒரு செல் இருக்கும். இந்தச் சாவி கையில் கிடைத்ததும் ஷ்வான் குருத்தெலும்பு, இறகு, நகம், பல், தசை, நரம்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். 1838-இல் ஷ்லைடன் செடிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1839-இல் ஷ்வானின் புத்தகம் வந்தது. உயிரினங்களின் அடிப்படை உறுப்புகள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் அவை உருவாகும் முறை ஒன்றே, அது செல் உருவாவது என்று அதில் எழுதினார். முதல் வரியும் இரண்டாவது வரியும் இங்கே பிறந்தன.

இரண்டாவது வரியை 'அலகு' என்ற சொல்லோடு அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. உடம்புக்கு உயிர் இருக்கிறது, அதனால் அதன் பாகங்களுக்கும் உயிர் வருகிறது என்பது பழைய பார்வை. ஷ்வான் அதைத் திருப்பிப் போட்டார்: ஒவ்வொரு செல்லும் தானாகவே உணவை ஏற்று, மாற்றி, வளர்கிறது, அவற்றின் கூட்டு வாழ்க்கைதான் உடம்பின் வாழ்க்கை. இதற்கான கடுமையான சான்று பிற்காலத்தில் வந்தது. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுக் கட்டியிலிருந்து, அவருக்குத் தெரியாமலே எடுத்த செல்கள், அவர் அதே ஆண்டு இறந்த பிறகும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. மனிதர் போய்விட்டார், செல்கள் வாழ்கின்றன.

கற்கண்டுக் கருத்து

இனி தவறுக்கு வருவோம். செல்கள் எங்கிருந்து வருகின்றன? ஷ்லைடனும் ஷ்வானும் சொன்ன பதில்: உருவமற்ற ஒரு கூழிலிருந்து. அந்தக் கூழில் முதலில் ஒரு துகள் திரளும், அதைச் சுற்றி உட்கரு படியும், உட்கருவைச் சுற்றிச் சவ்வு எழும்பும், செல் தயார். செடியில் இது பழைய செல்லுக்குள்ளேயே நடக்கிறது என்றார் ஷ்லைடன். விலங்கில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்திலும் நடக்கும் என்றார் ஷ்வான். பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு திரள்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி. படிகம் உருவாவதோடு ஷ்வானே இதை விரிவாக ஒப்பிட்டிருக்கிறார்.

இன்று கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. உயிருக்கென்று தனியாக ஒரு மர்ம சக்தி இருக்கிறது என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. படிகம் எந்த விதிகளால் வளர்கிறதோ அதே வகை இயற்பியல், வேதியியல் விதிகளால் செல்லும் வளர்கிறது என்று காட்டிவிட்டால் அந்த மர்மம் தேவையில்லாமல் போகும். நல்ல நோக்கம்தான், முடிவு பிசகிவிட்டது. போதாக்குறைக்கு, செல் இரண்டாகப் பிரிவதை ஏற்கெனவே பார்த்தவர்கள் இருந்தார்கள்: 1832-இல் பெல்ஜியத்தின் டுமோர்ட்டியர், 1835-இல் ஜெர்மனியின் ஹியூகோ ஃபான் மோல், இருவரும் நூல் போன்ற பாசிகளில். பாசியில் நடப்பது பாசியோடு போகட்டும் என்று பலர் விட்டுவிட்டார்கள்.

கற்கண்டுக் கருத்தில் ஓர் ஓட்டை உண்டு. கூழிலிருந்து செல் தானாகத் திரளலாம் என்றால், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாக எழலாம் என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அழுகிய இறைச்சியில் புழு தானாக முளைக்கிறது என்ற பழைய கதையைக் கதவு வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்ட மாதிரிதான். இதைத் தெளிவாகப் பார்த்தவர் ராபர்ட் ரெமாக்.

ரெமாக்

1815-இல் போசன் நகரத்தில், இன்றைய போலந்தின் போஸ்னானில், பிறந்த யூதர். பெர்லினில் முல்லரிடமே படித்தார். அன்றைய பிரஷ்யாவில் யூதர்கள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த முடியாது. மதம் மாறினால் வழி திறக்கும், அவர் மாறவில்லை. சம்பளமில்லாத விரிவுரையாளர் தகுதியே மன்னருக்கு மனுப் போட்டு 1847-இல்தான் கிடைத்தது. பெர்லினில் அந்த இடத்தை அடைந்த முதல் யூதர் அவர்.

1841-இல் அவர் கோழிக்கருவின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் இரத்தத்தின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழியின் சிவப்பணுவில் உண்டு. வளரும் கருவில் அவை வேகமாகப் பெருகும். இடுப்பு குறுகிய நிலையில், இரண்டு உட்கருக்களை ஒரு மெல்லிய காம்பு இணைக்க, பாதி பிரிந்தும் பிரியாமலும் நிற்கும் அணுக்களை அவர் கண்டார். கூழில் எதுவும் திரளவில்லை; ஒன்றே இரண்டாகிக்கொண்டிருந்தது.

அவசரப்பட்டு முரசு கொட்டவில்லை. தசை, தவளைக்கரு என்று பல ஆண்டு அலைந்தார். தவளை முட்டை பிளவுபட்டுக்கொண்டே போவதில் உட்கருவோடு சவ்வும் பிரிகிறதா என்பது பெரிய கேள்வி. முட்டையைக் கெட்டிப்படுத்தும் கரைசல் ஒன்றைத் தயாரித்து, சவ்வும் பிரிவதைக் காட்டினார். 1852-இல் தீர்ப்பை எழுதினார்: விலங்குச் செல்கள் எல்லாம் முன்பிருந்த செல்கள் பிரிவதால் மட்டுமே வருகின்றன, செல்லுக்கு வெளியே செல் உருவாகிறது என்பது, உயிர்கள் தானாகத் தோன்றுகின்றன என்பதைப் போலவே தனக்கு நம்ப முடியாதது.

இப்போது ருடால்ஃப் விர்ச்சோவ். அவரும் முல்லரின் மாணவர்தான். 1840களில் அவரும் கூழ்க் கருத்தை நம்பியவர், பிறகு மாறினார். 1855-இல், 'ஒவ்வொரு செல்லும் செல்லிலிருந்தே' என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தை எழுதினார். 1858-இல் 'செல்லுலார் பேத்தாலஜி' என்ற பெயரில் அவருடைய விரிவுரைகள் புத்தகமாக வந்தன. வாசகம் ஊர் முழுக்கப் பரவியது. அந்த வாசகத்தைக்கூட பிரான்சின் ராஸ்பாய் 1825-இலேயே எழுதியிருந்தார். ரெமாக்கின் உழைப்புக்கு உரிய இடத்தை விர்ச்சோவ் தரவில்லை. விர்ச்சோவ் திருடினார் என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. ஒருவர் நிரூபித்தார், இன்னொருவர் அதை மறக்க முடியாத ஒரே வரியாக்கினார். பள்ளிப் புத்தகம் வரியை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது.

விர்ச்சோவின் சொந்தச் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டி, சீழ் எல்லாம் இரத்தத்திலிருந்து கசிந்த நீர்மத்தில் புதிதாக முளைப்பவை என்பது அன்றைய மருத்துவம். மூன்றாவது வரி உண்மை என்றால் அது நடக்காது. புற்றுச் செல்லும் உடம்பின் ஏதோ ஒரு நல்ல செல்லின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும். நோய் என்பது செல்லில் ஏற்படும் மாற்றம். நோயைத் தேட வேண்டிய இடமும் செல்தான். இன்று கட்டியிலிருந்து ஊசியளவு திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார்களே, அதற்குப் பின்னால் நிற்கும் தர்க்கம் இதுதான்.

பிரிவதைப் பார்ப்பது

ரெமாக் பார்த்தது வெளிக்கோடு. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டியவர் கீல் நகரத்து வால்தர் ஃபிளெமிங். துணிக்கான புதிய அனிலின் சாயங்கள் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தன. சாலமாண்டர் குஞ்சுகளின் செல்கள் பெரியவை என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்து, சாயம் ஏற்றி, நிலை நிலையாக வரைந்தார். உட்கருவுக்குள் இருக்கும் பொருள் நூல்களாகச் சுருண்டு, நீளவாக்கில் பிளந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் போவதை 1882-இல் வெளியிட்டார். அதைத்தான் மைட்டாசிஸ் என்கிறோம், நூல்கள் குரோமோசோம்கள்.

இதையும் வெங்காயத்திலேயே பார்க்கலாம், தோலில் அல்ல, வேர்நுனியில். வெங்காயத்தின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடும்படி டம்ளர் மேல் வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் விடும். கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரை மட்டும் வெட்டி, அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயத்தில் வைத்து, கட்டைவிரலால் நசுக்கினால் ஸ்லைடு தயார். பெரும்பாலான செல்களில் சாதாரணப் புள்ளிதான் தெரியும். தேடத் தேட, இடையிடையே சில செல்களில் அந்தப் புள்ளி கலைந்து கறுஞ்சிவப்பு நூல்களாகியிருக்கும்; சிலவற்றில் இரண்டு கொத்து எதிரெதிர்த் திசைக்கு இழுபட்டுக்கொண்டிருக்கும். வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16. வேகமாக வளரும் வேர்நுனியிலேயே இவ்வளவு தேட வேண்டியிருக்கிறது என்றால், சாயமே இல்லாத 1830களில் முதிர்ந்த திசுவைப் பார்த்த ஷ்வானுக்குப் பிரிதல் கண்ணில் படாதது ஆச்சரியமில்லை.

மூளை மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. மூளையில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அது தனித்தனிச் செல்களால் ஆனதல்ல, ஒரே தொடர்ச்சியான வலை என்றார் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. அவர் 1873-இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தையே பயன்படுத்தி, இல்லை, நரம்புச் செல்களும் தனித்தனிதான் என்று காட்டினார் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே தரப்பட்டது. மேடை ஏறிய கோல்ஜி தன் உரையில் கஹால் பக்கத்துக் கருத்தைத்தான் தாக்கினார். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருப்பதைக் காட்டியபோது கஹால் சரி என்றானது. இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

அளவும் விதிவிலக்கும்

செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை? நம் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் விட்டம் பத்து மடங்கு பெருத்தால் அதன் பரப்பு நூறு மடங்கு கூடும், கொள்ளளவோ ஆயிரம் மடங்கு கூடும். உணவும் ஆக்சிஜனும் உள்ளே வருவது பரப்பின் வழியாக. அவற்றைத் தின்று தீர்ப்பது கொள்ளளவு. ஓர் அளவுக்கு மேல் வரவு செலவுக்குக் கட்டாது. அதனால்தான் யானை செல்லும் எலி செல்லும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. யானைக்கு எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான். ஒரு மனித உடம்பில் 30 முதல் 37 லட்சம் கோடி செல்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கையில் பெரும்பகுதி சிவப்பணுக்கள்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. எலும்போடு ஒட்டிய தசையின் ஒரு நாரில் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவானது அது. மன்னார் வளைகுடாவில் காணப்படும் கவ்லெர்பா என்ற கடற்பாசிக்குத் தண்டு, இலை, வேர் போன்ற பாகங்கள் எல்லாம் இருக்கும். உள்ளே தடுப்புச் சுவரே இல்லாத, ஏராளமான உட்கருக்கள் கொண்ட ஒரே செல் அது. வைரஸுக்குச் செல்லே கிடையாது. பெருக வேண்டுமென்றால் வேறொருவர் செல்லுக்குள் நுழைந்தாக வேண்டும். அதை உயிர் என்பதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நான் இவற்றைக் கோட்பாட்டின் தோல்வியாக எண்ணவில்லை. முதல் வரியின் ஓரங்கள் கொஞ்சம் பிசிறடிக்கின்றன, அவ்வளவே.

மூன்றாவது வரி அப்படிப் பிசிறடிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக்கூட செல்லால் வெறும் கையோடு செய்ய முடியாது. பழைய மைட்டோகாண்ட்ரியா பிரிந்துதான் புதியது வரும். அதற்குத் தனி டிஎன்ஏ இருக்கிறது. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் குடியேறியதன் மிச்சம்தான் அது என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்டார்; இன்று உயிரியல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்படியானால் முதல் செல் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. மூன்றாவது வரி இன்றைய உலகத்தைப் பற்றியது. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், உயிரே இல்லாத பூமியில், முதல் செல் எப்படித் திரண்டது என்பதற்கு அது பதில் சொல்லாது. அங்கே ஷ்வானின் கூழ் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆய்வகத்தில் அதைத் திரும்பச் செய்து பார்க்க முயல்கிறார்கள். 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் மரபுத்தொகுதி முழுவதையும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை, வேதிப்பொருள்களிலிருந்து கட்டியது. 'செயற்கை உயிர்' என்று உலகெங்கும் தலைப்புச் செய்தி வந்தது. ஆனால் கட்டிய அந்த டிஎன்ஏவை வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு செல் தேவைப்பட்டது. நெருங்கிய உறவான இன்னொரு பாக்டீரியாவை எடுத்து, அதற்குள் இதை நுழைத்தார்கள். சவ்வு, புரதம் கட்டும் ரைபோசோம் எல்லாம் அந்தப் பழைய செல்லுடையவை. அது மற்ற எல்லாச் செல்களையும் போல இன்னொரு செல் பிரிந்து வந்ததுதான்.